முப்பத்திரண்டாம் நம்பர் ஜன்னலில் மிளகு

குவைத்தின் அப்பாசியாவில் பயந்தாங்கொள்ளி என்று ஒருத்தருக்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால், அதை ஜெயபாரதிக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். லிஃப்டில் தனியாக ஏற மாட்டாள். ரோந்து வண்டியின் விளக்கைக் கண்டால் கைப்பை ஜிப்பைத் திறந்து பத்தாக்கா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பத்தாக்கா என்றால் குவைத்தின் சிவில் ஐடி அட்டை. காலையில்தான் பார்த்திருப்பாள், இருந்தாலும் பார்ப்பாள். பதினேழு வருடமாகக் கணவன் சேதுராமனின் விசாவில் இருக்கிறாள். "ஒரு சின்னக் கேஸ் போதும், மூணாம் நாள் ஏர்போர்ட்" என்று எப்போதோ யாரோ சொன்னது அவள் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது.

இப்பேர்ப்பட்டவள்தான் ஐந்து வருடமாகத் தெருப்பூனைகளுக்காக அலைகிறாள். சிரிப்பு வருகிறதல்லவா? அவளுக்கே வரும். ஆரம்பித்ததும் பயத்தில்தான். மகன் ரோஹித் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்த வருடம், ஒரு நாள் காலை, எதிர்க் கட்டடத்தில் வேலைசெய்யும் ஆள் அரிசிச் சாக்கில் எதையோ போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்ததைப் பால்கனியிலிருந்து பார்த்தாள். சாக்கு அசைந்தது. "ஏய்" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அவன் உள்ளே போகும்வரை காத்திருந்தாள். போன பிறகும் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் இறங்கிப் போய்ச் சாக்கைப் பிரித்தாள். நான்கு குட்டிகள். ஒன்றுக்குத்தான் மூச்சு இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை மறக்க முடிந்திருந்தால் அவளும் சீரியல் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வீட்டில் இருந்திருப்பாள்.

இப்போது அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பெண்கள். கூண்டு வைத்துப் பூனையைப் பிடிப்பார்கள், டாக்டரிடம் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்விப்பார்கள், புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள். ஆபரேஷன் ஆன பூனைக்கு இடது காது நுனி கொஞ்சம் வெட்டப்பட்டிருக்கும், மறுபடி பிடித்து இம்சை செய்யக்கூடாது என்பதற்கு அடையாளமாக. மனிதரிடம் ஒட்டிக்கொள்ளும் குட்டிகளுக்கு வீடு பார்ப்பார்கள். குழுவில் கார் ஓட்டுகிறவள் நஜீஹா. கீழக்கரைக்காரி, கணவருக்கு அத்தர் கடை. நஜீஹாவுக்கு அரபியும் வரும், சண்டையும் வரும். ஜெயபாரதிக்கு இரண்டும் வராது.

அவளுக்கு வந்தது ஒன்றே ஒன்று, பிடித்த பூனையைத் தப்பவிடாமல் வைத்திருப்பது. 'ரெண்டு கதவு' என்று ஒரு விதியே வைத்திருந்தாள். பூனைக்கும் தெருவுக்கும் நடுவில் எப்போதும் இரண்டு மூடிய கதவு வேண்டும். ஒன்றை யாராவது மறந்து திறந்துவிட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். குழுவில் எல்லோரும் இதைப் பின்பற்றினார்கள். ஜெயபாரதிக்கோ, பூனையைக் கீழே விட்டால் கை தானாகப் போய்க் கதவைச் சாத்தும் அளவுக்கு ஊறிப்போயிருந்தது.

அந்தக் கைதான் வினையை இழுத்துவிட்டது.

மிளகு என்ற பூனையை ஜனவரியில் பத்மா வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். கறுப்பு, மார்பில் மட்டும் வெள்ளை. வாயே திறக்காத ஜீவன். பத்மா இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில், முப்பத்திரண்டாம் நம்பர் ஃபிளாட்டில் இருந்தாள். ஒரே மகள் சம்யுக்தா, எட்டு வயது, பூனை வேண்டும் என்று ஒரு மாதம் அழுது வாங்கிக்கொண்டவள். பத்மாவின் கணவர் ரெங்கராஜ்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "பூனைக் கும்பல் நம்ம வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சா?" என்று ஜெயபாரதி காதில் விழும்படியே கேட்டார். அன்றிலிருந்து அவரைத் தெருவில் கண்டால் அவள் எதிர்ப்பக்கம் மாறிவிடுவாள்.

ஜூலை வந்தது. பள்ளிக்கூடம் மூடி, ஊரில் பாதி லீவுக்குக் கிளம்பும் மாதம். பூனைக் குழுவுக்கு அதுதான் பயங்கரமான மாதம். ஆசையாக வாங்கிய பூனையைக் கிளம்பும் அன்று படியிறக்கி விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வீட்டுக் குளிரில் வளர்ந்த பூனை ஐம்பது டிகிரி வெயிலில் இரண்டு நாள் தாங்காது. அதனால் குழுவில் வளர்ப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள். பத்மா பதில் போட்டிருந்தாள்: "மிளகை ஹாஸ்டல்ல விடறோம். திங்கள் சாயந்திரம் ஆள் வந்து எடுத்துக்குவாங்க." ஜெயபாரதி அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அவள் பத்மா இருக்கும் கட்டடத்துக்குப் போனாள். பின்பக்கம் ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடங்களில் டின் வைத்திருப்பாள், பூனைகள் குடிக்க. அதைக் கழுவ வாளி கேட்டு உள்ளே நுழைந்தபோது வாசலில் ஒரு ஜீப்பில் ரெங்கராஜ் அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். போனில் யாரிடமோ கத்திக்கொண்டும் இருந்தார். அவர் கண்ணில் படாமல் படிக்கட்டில் ஏறி ஒதுங்கினால், இரண்டாம் மாடித் திருப்பத்தில் மிளகு உட்கார்ந்திருந்தது.

"அடிப்பாவி, நீ எங்கடி இங்க?" என்று தூக்கிக்கொண்டாள். பெட்டி ஏற்றும் அமளியில் கதவு வழியாக நழுவி வந்திருக்கிறது, வேறென்ன? சாயந்திரம் ஹாஸ்டல் ஆள் வரும்போது பூனையைக் காணோம் என்றால் என்ன ஆகும்? மேலே போனாள். முப்பத்திரண்டின் கதவு ஒரு சூட்கேஸை முட்டுக்கொடுத்துத் திறந்திருந்தது. ஹாலில் யாரும் இல்லை. பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கூப்பிடலாமா என்று வாயெடுத்தாள். அதற்குள் கீழேயிருந்து ரெங்கராஜின் குரல் படியேறி வந்தது. அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டாள். பின்பக்க ரூமில் பூனையை விட்டாள். கட்டிலுக்கடியில் அது ஓடியது. கை தானாகப் போய் அந்த ரூம் கதவைச் சாத்தியது. விடுவிடுவென்று மேல்மாடிப் பக்கம் ஏறி நின்று, அவர் ஃபிளாட்டுக்குள் போனதும் நழுவிக் கீழே வந்துவிட்டாள். வீட்டுக்கு நடக்கும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. யாரிடமும் பேச்சு வாங்காமல் ஒரு நல்ல காரியம்.

சாயந்திரம் பத்மா குழுவில் போட்டாள்: "மிளகு ஹாஸ்டல் போயாச்சு. நாங்க ஏர்போர்ட்ல. பை."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஜெயபாரதி அந்தக் கட்டடத்தின் பின்னால் தண்ணீர் டின்னை நிரப்பிக்கொண்டிருந்தாள். எல்லா ஜன்னலுக்குக் கீழேயும் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. சொட்டு விழாத அந்த இடத்து டின் காய்ந்து கிடந்தது. ஏன் என்று தலையைத் தூக்கினாள். மூன்றாம் மாடி. மூடிய கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் கறுப்பாக ஒன்று நின்றது. மார்பில் வெள்ளை. இடது காது நுனி இல்லை. அது கண்ணாடியில் ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. வாய் திறந்து மூடியது. இங்கே ஒரு சத்தமும் கேட்கவில்லை.

வாளி கையிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியாது.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாள். லீவில் போகிறவர்கள் மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி ஹாரிஸிடம், அதாவது கட்டடக் காவல்காரரிடம், சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். ஏ.சி. கிடையாது. ஜன்னல் திறக்காது. தின்ன ஒன்றும் இல்லை. தண்ணீர்? அந்த ரூமோடு ஒட்டினாற்போல் பாத்ரூம் கதவு ஒன்றைப் பார்த்த ஞாபகம். அது திறந்திருந்ததா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

பத்மாவின் குவைத் நம்பர் அணைந்திருந்தது. நஜீஹாவை எழுப்பி ஊர் நம்பர் வாங்கினாள். மூன்றாவது தடவை பத்மா எடுத்தாள்.

"பத்மா, மிளகு உங்க வீட்டுக்குள்ள இருக்கு. ஜன்னல்ல நிக்குது."

"அக்கா, மிளகு ஹாஸ்டல்லல்ல இருக்கு? நீங்க வேற எதையோ பாத்திருக்கீங்க."

"எந்த ஹாஸ்டல்? நம்பர் குடு, நான் கேட்டுக்கறேன்."

பின்னால் சம்யுக்தா யாருடனோ சிரித்து விளையாடும் சத்தம் கேட்டது. பத்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு ரூமுக்குப் போனாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கடைசி நேரத்துல எங்கயும் இடம் கெடைக்கல. இவரு காலைல கீழ கொண்டுபோய் விட்டுட்டாரு. நீங்கதான் தினம் அந்தப் பக்கம் வருவீங்களே, உங்க கண்ணுல பட்டா பாத்துக்குவீங்கன்னு... பாப்பாகிட்ட ஹாஸ்டல்னு சொல்லி வெச்சிருக்கோம்."

ஜெயபாரதி மறுபடி அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆனா கீழதானே விட்டோம்! உள்ள எப்படி வரும்? அந்த ரூம் கதவு சாத்தித்தான் இருந்துச்சு, அவரு சாத்துனாருன்னு நெனச்சேன். யாராவது உள்ள வந்து விட்டாத்தான் உண்டு. யாரு வந்தா?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஜெயபாரதி மென்று விழுங்கினாள். "தெரியல. எப்படியோ இருக்கு. சாவி யார்கிட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

சாவி ஒன்று ஹாரிஸிடம் இருந்தது. ஆனால் ரெங்கராஜ் போனைப் பிடுங்கிக்கொண்டார். "பீரோல நகை இருக்கு. நான் இல்லாம ஒருத்தன் கதவைத் தொடக்கூடாது. தொட்டா போலீஸ் கேஸ்தான், ஆமா. வீட்டுக்குள்ள பூனையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காலங்காத்தால வெக்க மாட்டீங்களா போனை!" அத்தோடு அந்த நம்பரும் அணைந்தது.

வீட்டுக்கு ஓடினாள். சேதுராமன் வெள்ளிக்கிழமைக் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னாள். ஃபிளாட்டுக்குள் போனதைச் சொல்லும்போது காப்பி டம்ளர் கீழே இறங்கிவிட்டது.

"உள்ள போனியா? ஆள் இல்லாத வீட்டுக்குள்ளயா?"

"கதவு தெறந்திருந்துச்சுங்க. பத்மா பாத்ரூம்ல இருந்தா."

"ஜெயா, நான் சொல்றத நல்லாக் கேளு." அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார், யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல. "அவன் வந்து பீரோவத் தெறந்து ஒரு மோதிரத்தக் காணோம்னு சொன்னா நாம என்ன பண்ணுவோம்? உள்ள போனது நீ. யாருக்கும் தெரியாது இல்ல? தெரியாமலே இருக்கட்டும். நஜீஹாகிட்டகூட சொல்லாத. பூனைதானே..."

முடிக்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவரும் கெட்டவர் இல்லை. பல இரவு பூனைக்குட்டிக்குப் பால் புகட்டியவர்தான். பயம் வந்தால் நல்லவரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவர் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் கொடுமை. ஜெயபாரதிக்கு நகை, கேஸ், ஏர்போர்ட் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. கூடவே கண்ணாடியில் வைத்து எடுத்த அந்தக் காலும் வந்தது. அதை உள்ளே வைத்துப் பூட்டியது பத்மா இல்லை, ரெங்கராஜ் இல்லை, தான்தான்.

செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற?" என்றார் சேதுராமன்.

"சும்மா நின்னு பாக்கவாவது பாக்கறேங்க" என்றாள். அதற்குமேல் எதையும் அவள் தீர்மானித்திருக்கவில்லை.

நஜீஹா காரோடு அங்கே முன்னதாகவே வந்து ஹாரிஸ் மஹ்மூதுவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். மஹ்மூது எகிப்துக்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய சாவிக்கொத்து. "மாஃபி, மாஃபி" என்று, இல்லவே இல்லை என்பதுபோல் கையை விரித்தார். வீட்டுக்காரர் சொல்லாமல் கதவைத் திறந்தால் தன் வேலை போகும், விசா கொடுத்த கஃபீல் அன்றே ஊருக்கு அனுப்பிவிடுவார். தனக்கு அங்கே நான்கு பிள்ளைகள். மூவரும் மேலே போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வந்து ஜன்னலைப் பார்த்தார்கள். இப்போது அங்கே திரை மட்டும்தான் இருந்தது. மணி ஒன்பது. வெயில் அந்தச் சுவரில் ஏற ஆரம்பித்திருந்தது.

"பாத்தீங்களா, மேடம், பூனை மாஃபி" என்றார் மஹ்மூது, கொஞ்சம் நிம்மதியாக.

"யா அல்லாஹ், நம்மகிட்ட போட்டோகூட இல்லையே அக்கா" என்றாள் நஜீஹா. "நான் போலீஸுக்கு அடிச்சிட்டேன். வரட்டும், அவங்க சொன்னா இவரு தெறப்பாரு."

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஜெயபாரதி கைப்பை ஜிப்பைத் திறந்து பத்தாக்காவைத் தொட்டாள். மூடினாள். மறுபடி திறந்தாள். இப்போதே வீட்டுக்குப் போய்விடலாம். தலைவலி என்றால் நஜீஹா நம்புவாள்.

ரோந்து வண்டி வந்தது. இளவயது அதிகாரி ஒருவர் இறங்கினார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நஜீஹா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மஹ்மூது சொன்னதையும் கேட்டார். ரெங்கராஜின் நம்பருக்கு அடித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. பிறகு நஜீஹாவிடம் ஏதோ கேட்டார்.

நஜீஹா அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, வீட்டுக்காரங்க பூனை இல்லன்னு சொல்றாங்க, இப்ப ஜன்னல்லயும் இல்ல, சத்தமும் இல்ல. உள்ள பூனை இருக்கறது உங்களுக்கு எப்படி உறுதியாத் தெரியும்ங்கறாரு. நிழலப் பாத்துட்டுச் சொல்றீங்களோன்னு கேக்கறாரு. வேற காரணம் இல்லன்னா அடுத்தவங்க வீட்டைத் தெறக்க முடியாதாம்."

அந்த அதிகாரி முறைக்கவில்லை, மிரட்டவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான். கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். வண்டிக் கதவில் கை வைத்தார். அரிசிச் சாக்கு அசைந்தபோது காத்திருந்த பத்து நிமிடம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒன்றுக்குத்தான் மூச்சு இருந்தது.

"ஐ புட்" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "சார், ஐ புட் தி கேட். மண்டே. ஐ வென்ட் இன்சைட். நோபடி ஸா மி. ஐ க்ளோஸ்டு தி ரூம் டோர்."

அதிகாரி நஜீஹாவைப் பார்த்தார். நஜீஹா ஜெயபாரதியின் கையைப் பிடித்தாள். "அக்கா... இத நான் அரபில சொல்லணுமா? நகை இருக்கற வீடுங்கறாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சொன்னா எழுதிக்குவாங்க."

"சொல்லும்மா."

"சேதுராமண்ணனுக்குத் தெரியுமா?"

"சொல்லு நஜீஹா, நேரம் போகுது!" என்று ஜெயபாரதி கத்தினாள். அப்பாசியாவில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. மஹ்மூதுவின் சாவிக்கொத்து குலுங்கியது.

நஜீஹா சொன்னாள். அதிகாரி பத்தாக்காவைக் கேட்டார். ஜெயபாரதி அதை எடுக்கும்போது விரல் நடுங்கி அட்டை தரையில் விழ, அவரே குனிந்து எடுத்தார். போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குத் தன் பாஸ்போர்ட்டில் விழுவதுபோல இருந்தது. பிறகு மஹ்மூதுவிடம் ஒரு வார்த்தை சொன்னார். மஹ்மூது சாவியைத் தேட ஆரம்பித்தார்.

கதவைத் திறந்ததும் இட்லிப் பானை மூடியைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. அதிகாரியே இரண்டடி பின்வாங்கினார். ஹால் இருட்டாக இருந்தது. பின்பக்க ரூம் கதவு, அவள் சாத்திய அதே கதவு, சாத்தியபடி இருந்தது. கீழ்ப்பக்கம் மரத்தைப் பிறாண்டிப் பிறாண்டிச் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து கிடந்தது. ஜெயபாரதிக்கு அந்தக் குமிழைத் திருப்பக் கை வரவில்லை. அதிகாரி திருப்பினார்.

ரூமில் பூனை இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. ஜன்னலில் இல்லை. நாற்றம் மட்டும் இருந்தது. மஹ்மூது ஏதோ வாய்க்குள் ஓதினார். பாத்ரூம் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஜெயபாரதி முழங்காலில் விழுந்து உள்ளே எட்டினாள்.

கக்கூஸ் பக்கத்துக் கைக்குழாய் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்த ஈரத்தில் வாயை வைத்தபடி மிளகு ஒருக்களித்துக் கிடந்தது. பாதி உடம்பாகியிருந்தது. நகம் உடைந்து காலில் ரத்தம் காய்ந்திருந்தது. "மிளகு" என்றாள். வெட்டுப்பட்ட காது மட்டும் அசைந்தது.

அதற்குப்பிறகு ஜெயபாரதி அழுததையும், நஜீஹா கார் ஓட்டியதையும் சொல்லி முடியாது. டாக்டர் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார். இன்னும் ஒரு பகல் தாண்டியிருந்தால் தேறியிருக்காது என்றார். மூன்றாம் நாள் மிளகு ஜெயபாரதியின் வீட்டுக்கு வந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டால் மட்டும் சோபாவுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. ஜெயபாரதி வீட்டில் எல்லாக் கதவுக்கும் துணி முடிச்சு ஒன்றைக் கட்டி வைத்தாள், அடித்துச் சாத்தாமல் இருக்க. ரெண்டு கதவு என்ற பேச்சையே அவள் குழுவில் எடுக்கவில்லை.

பூனை பிழைத்தது. பயம் போகவில்லை. அன்று ஸ்டேஷனில் அரபியில் எழுதிய ஒரு தாளில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். நஜீஹா வரிவரியாக வாசித்துச் சொன்னாள்தான், ஆனாலும் என்ன எழுதியிருக்கிறதோ என்ற கலக்கம் தீரவில்லை. வீட்டுக்காரர் வந்து ஏதாவது குறை சொன்னால் கூப்பிடுவோம் என்றார்கள். ரெங்கராஜ் ஆகஸ்ட் கடைசியில்தான் வருவார். அதுவரை காலிங் பெல் அடிக்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சேதுராமன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தூங்காமல் புரண்டு புரண்டு படுத்தார். ஒரு நாள் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். குழுவில் அவள் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள், தான் உள்ளே போனது, கதவைச் சாத்தியது, எல்லாவற்றையும். பத்மா என்ன செய்தாள் என்பதை மட்டும் எழுதவில்லை. அது பத்மாவின் பாடு.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி முப்பத்திரண்டின் ஜன்னலுக்குக் கீழே ஏ.சி. தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஜெயபாரதி அன்று சமைக்கவில்லை. பீரோவைத் திறந்திருப்பார்கள். எண்ணிக்கொண்டிருப்பார்கள். சாயந்திரம் ஐந்து மணிக்குக் காலிங் பெல் அடித்தது. சேதுராமன் எழுந்தார். அவள் கையமர்த்திவிட்டுத் தானே போய்த் திறந்தாள்.

பத்மா நின்றாள், கையில் அல்வா டப்பாவோடு. பக்கத்தில் சம்யுக்தா.

"எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்குக்கா" என்றாள் பத்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல். "ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்துட்டாரு, புகார் ஒண்ணும் இல்லன்னு."

ஜெயபாரதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சேதுராமன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்த சத்தம் கேட்டது. ஐம்பது நாள் நெஞ்சில் வைத்த கல் இறங்கினால் இப்படித்தான் இருக்கும்போல. பத்மா கிட்டே வந்து, குரலை இறக்கி, "குரூப்ல எங்களப் பத்தி நீங்க எதுவும் போடலன்னு பாத்தேன். ரொம்ப தேங்க்ஸ்க்கா. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அதற்குள் சோபாவுக்கடியிலிருந்து மிளகு வந்துவிட்டது. ஜெயபாரதியைத் தாண்டி நேராகப் போய் சம்யுக்தாவின் காலில் தலையை முட்டியது. அந்தப் பிள்ளை உட்கார்ந்து அதை மடியில் அள்ளிக்கொண்டது. உடைந்த நகம் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"ஆன்ட்டி, ஹாஸ்டல்ல மிளகுக்கு என்ன ஆச்சு? டிட் தே ஹர்ட் ஹெர்?"

பத்மா ஜெயபாரதியைப் பார்த்தாள். பார்வையே கெஞ்சியது. ஒரு வார்த்தை போதும், 'ஒண்ணும் இல்லடா கண்ணு' என்றால் போதும். எல்லோரும் அல்வா தின்னலாம். பழைய ஜெயபாரதி சொல்லியிருப்பாள், சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தனியாக அழுதிருப்பாள்.

"மிளகு ஹாஸ்டலுக்குப் போகல கண்ணு" என்றாள். "உங்க வீட்டு ரூம்ல நாலு நாள் மாட்டிக்கிச்சு. கதவைச் சாத்தினது நான்தான். தெரியாமத்தான் செஞ்சேன், ஆனா நான்தான் செஞ்சேன். உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சம்யுக்தா கண் கொட்டாமல் அவளையே பார்த்தது. "பட் ஹவ்? ஹாஸ்டல் ஆள் வந்து எடுத்துட்டுப் போனாங்கதானே?"

"அதுக்கு முன்னாடி மிளகு மாடிப்படிக்கு எப்படி வந்துச்சுங்கறது எனக்குத் தெரியாதும்மா. நான் அப்ப அங்க இல்ல. அத அம்மாகிட்ட கேளு."

பிள்ளை திரும்பியது. "அம்மா?"

அல்வா டப்பா பத்மாவின் கையில் நடுங்கியது. அந்த நடுக்கம் ஜெயபாரதிக்கு நன்றாகத் தெரியும். ரோந்து வண்டிக்கு முன்னால் வெயிலில் நின்றபோது தன் கையில் இருந்தது அதுதான். அவளுக்குப் பத்மாமேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கோ போய்விட்டது. டப்பாவைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"சொல்லு பத்மா" என்றாள் மெதுவாக. "ஒரு நிமிஷம்தான் கஷ்டமா இருக்கும்."